முகாமும் ஊரும் ஒரே அணியில்: மூன்று பகுதிக் கால்பந்து நடத்தும் முறை

கடலூர்ப் பக்கம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பிள்ளைகளோடு கால்பந்து தொடங்கும்போது ‘முகாம் அணி’, ‘ஊர் அணி’ என்று பிரிக்காதீர்கள். இருக்கிற விலகலுக்கு ஜெர்சி மாட்டிவிட்டதாகிவிடும். சீட்டுக் குலுக்கி ஐந்தைந்து பேராகக் கலந்துவிடுங்கள்.

கொலம்பியாவின் மெடலின் நகரில், 1994இல் அந்நாட்டுக் கால்பந்து வீரர் ஆந்த்ரெஸ் எஸ்கோபார் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வளர்ந்த முறை இதற்குப் பொருந்தும். பேச்சு, ஆட்டம், மறுபடி பேச்சு என்று மூன்று பகுதி; நடுவர் கிடையாது. முதல் 10 நிமிடம் வட்டமாக உட்கார்ந்து இரு அணியும் மூன்று விதிகளைப் பேசி முடிவு செய்யட்டும்: முதல் கோல் பெண் பிள்ளை அடிக்க வேண்டும், விழுந்தவரை எதிரணி தூக்கிவிட வேண்டும் என்பது மாதிரி. பிறகு 15 நிமிட ஆட்டம். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 2, தோற்றாலும் 1. மறுபடி வட்டம்; விதியை மதித்ததற்கு எதிரணிக்கு 3 புள்ளி வரை தரலாம்.

சொதப்புவது இந்தக் கடைசி வட்டத்தில்தான். பெரியவர் தீர்ப்புச் சொன்னால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். பழகிய அக்காவோ அண்ணனோ கேள்வி மட்டும் கேட்கட்டும்.

12 வயதுக்குக் கீழே 4ஆம் எண் பந்து. கடற்கரை மணலில் காற்றைச் சற்றுக் குறையுங்கள். விசிலும் வெடியும் வேண்டாம். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் போர் வீட்டுப் பேச்சில் இருக்கிறது, அதைக் கிளறாதீர்கள். ஒரு பிள்ளை தொடர்ந்து ஒதுங்கினால், தூக்கம் கெட்டால், பெற்றோரிடம் பேசி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்.