மதகுருக்கள் ஆளும் நாட்டின் தலைவரிடம் கேள்வி கேட்பது எப்படி?

2019 டிசம்பரில் கோலாலம்பூர் உச்சநிலை மாநாட்டுக்கு ஈரான் அதிபர் ஹசன் ரூஹானி வந்தார். இப்படிப்பட்டவர்கள் நம் ஊருக்கு வரும்போது தமிழ்ப் பத்திரிகை நிருபருக்குக் கிடைத்தால் ஒரே ஒரு கேள்வி கிடைக்கும். "உங்கள் நாட்டில் மதச் சுதந்திரம் இருக்கிறதா?" என்று கேட்டு அதை வீணாக்காதீர்கள். எங்கள் மார்க்கம் அமைதியைத்தான் போதிக்கிறது என்று நீளமாகப் பிரசங்கம் செய்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

மதத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சட்டத்தையும் அரசாணையையும் பற்றிக் கேளுங்கள். நம் தமிழ் நிருபர்களில் பலர் இந்துக்கள். "இவர் இஸ்லாத்தைத் தாக்குகிறார்" என்று பேச்சைத் திருப்ப இடம் கொடுக்கக் கூடாது. நான் கேள்வியை எழுதியதும் பக்கத்து மேசை இந்திய முஸ்லிம் நண்பரிடம் வாசித்துக் காட்டுவேன். அவர் முகம் சுளித்தால், கேள்வி அரசைத் தாண்டி நம்பிக்கையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். மாற்றி எழுதுவேன்.

ஈரானிலேயே 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய பஹாய் மதத்தைப் பின்பற்றும் மக்களை எடுத்துக்கொள்வோம். ஈரான் அரசமைப்பின் 13வது பிரிவு ஜொராஸ்டிரியர், யூதர், கிறிஸ்தவர் ஆகியோரை மட்டுமே சிறுபான்மை மதத்தினராக ஏற்கிறது. பஹாய்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் 23வது பிரிவு, நம்பிக்கைக்காக மட்டும் யாரையும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. 1991இல் உச்சத் தலைவர் கமேனியின் ஒப்புதலோடு ஒரு ரகசியக் குறிப்பு உருவானது. பஹாய்களின் முன்னேற்றத்தைத் தடுக்க வேண்டும், பஹாய் என்று தெரிந்தால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1993இல் ஐநா பிரதிநிதி அதை வெளிக்கொண்டு வந்தார். சரி, இப்போது கேள்வி: "23வது பிரிவு இப்படிச் சொல்லும்போது, 1991 குறிப்பு இன்றும் நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா?" இதற்குப் பிரசங்கம் பதிலாகாது.

"அவர்கள் இஸ்ரேலின் ஒற்றர்கள், அவர்களின் தலைமையகமே ஹைஃபாவில்தான் இருக்கிறது" என்று பதில் வரலாம். அதற்கும் தயாராகப் போங்கள். பஹாய் மதத்தை நிறுவிய பஹாவுல்லாவை உஸ்மானிய அரசுதான் 1868இல் அருகிலுள்ள அக்கா நகருக்குக் கைதியாக அனுப்பியது. இஸ்ரேல் உருவானது 1948இல். அப்புறம், 1983 ஜூனில் ஷிராஸில் தூக்கிலிடப்பட்ட பத்துப் பஹாய் பெண்களில் ஒருத்திக்கு வயது 17. குழந்தைகளுக்கு மத வகுப்பு எடுத்தாள் என்பதும் அவள்மீது வந்த ஒரு குற்றச்சாட்டு. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனால் கேட்கும்போது குரலை உயர்த்தாதீர்கள். வயதையும் ஆண்டையும் ஊரையும் மட்டும் சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை பேசாமல் இருங்கள்.

கேட்பதற்கு முன்பே பாதிக்கப்பட்டவர்களைச் சந்தியுங்கள். கோலாலம்பூரிலேயே ஈரானிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் தப்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஐநா அட்டை கையில் இருந்தாலும் அவர்களுக்குப் பயம் போகாது. ஊரில் அண்ணன் தம்பிகள் இருப்பார்கள். அதனால் பெயர், படம், வேலை செய்யும் கடை எதுவும் செய்தியில் வேண்டாம். கைப்பேசியிலும் உண்மைப் பெயரில் எண்ணைச் சேமிக்காதீர்கள்.

பெண் நிருபர்கள் தலைத்துணி விஷயத்தை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். 2022இல் நியூயார்க்கில், முக்காடு அணியுமாறு அப்போதைய ஈரான் அதிபர் ரயீசி தரப்பு கேட்டபோது சிஎன்என் நிருபர் கிறிஸ்டியன் அமன்பூர் மறுத்தார், பேட்டியே நடக்கவில்லை. 1979இல் இத்தாலியப் பத்திரிகையாளர் ஒரியானா ஃபல்லாச்சி, உடல் முழுதும் மூடும் சாதர் என்ற போர்வையோடு ஈரான் புரட்சித் தலைவர் கொமேனி முன் உட்கார்ந்து, பேட்டியின் நடுவே அதைக் கழற்றினார். என்னைக் கேட்டால், கேள்விதான் முக்கியம். முக்காடு போட்டாவது கேட்டுவிடுவேன். நீங்கள் மறுத்தாலும் அதை மதிக்கிறேன்.

கடைசியாக, மொழிபெயர்ப்பாளர் அவர்கள் கொண்டுவரும் ஆளாக இருப்பார். காரமான கேள்வியை மென்மையாக்கிவிடுவார். எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்து, பாரசீகம் தெரிந்த வேறொருவர் கேட்டுச் சரிபார்த்த பிறகே செய்தியை ஆசிரியருக்கு அனுப்புங்கள். பதில் சொல்லாமல் நழுவினால், கேட்ட கேள்வியை முழுதாகப் போட்டு, பதில் தரவில்லை என்று எழுதுங்கள்.