மைக்ரோமீட்டரை அளவுத்திருத்தம் செய்வது எப்படி? ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்துவிட்டு அளவுத்திருத்த ஆய்வகத்தில் சேர்பவரின் கைக்குப் பெரும்பாலும் முதலில் வருவது 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர்தான் (சிறு பாகங்களின் தடிமனை நுட்பமாக அளக்கும் திருகுக் கருவி). இதை ஒழுங்காகப் பழகிக்கொண்டால் வெர்னியரும் டயல் கேஜும் எளிதில் பிடிபட்டுவிடும். கருவி எவ்வளவு பிழை காட்டுகிறது என்று கண்டறிந்து எழுதுவதே நம் முதல் வேலை. சரிசெய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 1: வெப்பநிலை சமமாகட்டும்

நீள அளவுகளுக்கு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். வெயிலில் வந்து சேர்ந்த கருவியை உடனே சோதிக்காதீர்கள். ஸ்லிப் கேஜ் (நீளம் துல்லியமாகத் தெரிந்த கட்டை) பெட்டிக்குப் பக்கத்திலேயே சில மணி நேரம் வைத்துவிடுங்கள். எஃகு, மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். 25 மி.மீ. ஸ்லிப் கேஜை வெறுங்கையால் பிடித்து 5 டிகிரி சூடேற்றிவிட்டால் அது சுமார் 1.4 மைக்ரான் நீண்டுவிடும். இவ்வகைக் கருவிக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் பிழையே 4 மைக்ரான்தான். அதில் மூன்றில் ஒரு பங்கை விரல் சூடே விழுங்கிவிடுகிறது. அதனால் கையுறை கட்டாயம்.

படி 2: துடைத்தல்

அன்வில் (நகராத முனை), ஸ்பிண்டில் (திருகினால் நகரும் தண்டு) இரண்டின் முகங்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். பிறகு சுத்தமான காகிதத்தை இடையில் வைத்து மெல்ல மூடி, உருவி எடுங்கள். ஒட்டியிருக்கும் எண்ணெய் அதோடு வந்துவிடும்.

படி 3: பூஜ்யம்

ராட்செட்டைத் (அழுத்தம் எப்போதும் ஒரே அளவில் இருக்கச் செய்யும் கடைசித் திருகு) திருகி மூடி, பூஜ்யக் கோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டாலும் இப்போது ஸ்பேனரைத் தொடாதீர்கள். வந்த நிலையில் இருந்த பிழையை அப்படியே பதிவு செய்யுங்கள். போன அளவுத்திருத்தத்துக்குப் பிறகு இந்தக் கருவியால் அளந்து அனுப்பிய உதிரிபாகங்கள் சரிதானா என்று தொழிற்சாலைக்காரர் திரும்பிப் பார்க்க அந்த எண் ஒன்றுதான் ஆதாரம். முதலிலேயே திருத்திவிட்டால் அது அழிந்துபோகும்.

படி 4: ஸ்லிப் கேஜ்களால் சோதித்தல்

5, 10, 15, 20, 25 என்று வரிசையாக எடுக்கத்தான் கை போகும். அது போதாது. ஸ்பிண்டில் ஒரு முழுச் சுற்றுக்கு 0.5 மி.மீ. நகர்கிறது. 5, 10, 15 எல்லாம் அதன் மடங்குகள் என்பதால் ஒவ்வொரு முறையும் திம்பிள் (ஸ்பிண்டிலோடு சுழலும், கோடுகள் பொறித்த உருளை) அதே பூஜ்யக் கோட்டில்தான் வந்து நிற்கும். சுற்றின் நடுவில் திருகுமரையில் இருக்கும் கோளாறு கண்ணில் படவே படாது.

ஆகவேதான் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25 மி.மீ. அளவுகளைப் பயன்படுத்துகிறோம். இவற்றில் திம்பிள் பூஜ்யம், 0.1, 0.2, 0.3, 0.4 என்று வெவ்வேறு கோணங்களில் நிற்கிறது. இவ்வளவு எளிய எண்களுக்குள் இத்தனை யோசனை இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஒவ்வொரு அளவையும் ராட்செட்டைக் கொண்டு, ஒரே சீரான வேகத்தில், மூன்று முறை படியுங்கள். படித்த அளவிலிருந்து ஸ்லிப் கேஜின் உண்மை அளவைக் கழித்தால் பிழை கிடைக்கும். உண்மை அளவு அந்தக் கேஜின் சான்றிதழில் இருக்கும். மேலே பொறித்திருக்கும் எண்ணைப் போட்டுக் கணக்கிடக் கூடாது.

படி 5: முகங்களின் சமதளம்

ஆப்டிக்கல் ஃப்ளாட்டை (மிகத் தட்டையாகத் தேய்த்த கண்ணாடி வட்டு) முகத்தில் பதித்து, ஒற்றை நிற விளக்கொளியில் பாருங்கள். கோடுகள் நேராக, சம இடைவெளியில் தெரிந்தால் முகம் தட்டையாக இருக்கிறது. வளைந்தால் தேய்மானம், ஒரு கோட்டு அகல வளைவு ஏறத்தாழ 0.3 மைக்ரான்.

படி 6: சான்றிதழ்

பிழைகளோடு அளவீட்டு நிச்சயமின்மையையும் (அளந்த மதிப்பு எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற வரம்பு) எழுத வேண்டும். பிழை வரம்பை மீறியிருந்தால் வாடிக்கையாளரிடம் சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு ஸ்லீவைத் (திம்பிளுக்குள் இருக்கும், அளவுக்கோடு பொறித்த குழல்) திருப்பிப் பூஜ்யத்தைச் சரிசெய்து, எல்லா அளவுகளையும் மறுபடி எடுங்கள். திருத்துவதற்கு முன், பின் என இரண்டு பட்டியல்களும் சான்றிதழில் இடம்பெற வேண்டும். அடுத்த அளவுத்திருத்தத் தேதியை நீங்களாகவே போட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர் சம்மதித்திருந்தால் மட்டுமே அதைக் குறிப்பிட ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 17025 இடம் தருகிறது.