செல் வளர்ப்பு: மீடியம் பாட்டிலில் நேரும் தவறுகள்

செல்கள் சரியாக வளரவில்லை என்று யாராவது வந்து சொன்னால், முதலில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து மீடியம், அதாவது செல்களை வளர்க்கும் ஊட்டத் திரவம், உள்ள பாட்டிலை எடுத்துப் பார்ப்பேன். நுண்ணோக்கி பக்கம் போவது அதற்குப் பிறகுதான். எப்போது திறந்தது, குளூட்டமைன் என்ற அமினோ அமிலத்தை எந்த நாளில் சேர்த்தது, எந்தச் செல்லுக்கானது ஆகிய மூன்றும் பாட்டிலின் மேல் எழுதப்படாமல் இருந்தால், பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

பாலூட்டிச் செல்களுக்கான மீடியங்களில் பெரும்பாலும் ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி இருக்கும். பிஎச் 7.4 அருகே சிவப்பு. அமிலம் கூடினால் ஆரஞ்சு, பிறகு மஞ்சள். காரம் கூடினால் இளஞ்சிவப்பு, பிறகு ஊதா. புதிதாக வருபவர்கள் மஞ்சளைக் கண்டதும் பதறுகிறார்கள், ஊதாவைக் கண்டுகொள்வதில்லை. இரண்டு மூன்று நாட்களில் மெல்ல மஞ்சளாகி, தெளிவாகவே இருக்கும் மீடியம், செல்கள் நிறைந்துவிட்டன, பிரித்து வளர்க்க வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. ஒரே இரவில் மஞ்சளாகிக் கலங்கியும் போயிருந்தால் அது பாக்டீரியா, திறக்காமல் அப்புறப்படுத்துங்கள்.

ஊதா வேறு கதை. மீடியத்தில் உள்ள சோடியம் பைகார்பனேட்டும், செல்களை வெதுவெதுப்பில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியில் உள்ள கரியமில வாயுவும் சேர்ந்துதான் பிஎச் நிலையைக் காக்கின்றன. ஆராய்ச்சிக்கு வந்த புதிதில், வடிகட்டி இல்லாத சாதாரண மூடி போட்ட வளர்ப்புக் குடுவையை இறுக மூடி இன்குபேட்டரில் வைத்தேன். மறுநாள் காலை மீடியம் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் உருண்டு மிதந்தன. மீடியத்தில் சேர்க்கும் சீரம் (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி ஒரு வாரத்தை வீணாக்கினேன். மூடியை அரைச் சுற்று தளர்த்தியிருந்தால் போதும், வாயு உள்ளே போயிருக்கும்.

மீடியத்தை மாற்றும்போதும் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. வழக்கமான டிஎம்இஎம் மீடியத்தில் லிட்டருக்கு 3.7 கிராம் பைகார்பனேட் உண்டு. அது 10 சதவீதக் கரியமில வாயுவை எதிர்பார்த்து வகுத்த அளவு. ஆர்பிஎம்ஐ 1640 மீடியத்தில் 2 கிராம்தான். அதற்கு 5 சதவீதம் பொருந்தும். பெரும்பாலான ஆய்வகங்களில் இன்குபேட்டர் 5 சதவீதத்திலேயே ஓடுகிறது. அதனால் டிஎம்இஎம் காரப்பக்கம் சாயும். அடர்த்தியாக வளரும் செல்கள் தாமே அமிலம் வெளியிட்டு இதைச் சமாளித்துவிடும். குறைவான செல்களைப் பரப்பிவிட்டுக் காத்திருப்பவர்தான் மாட்டிக்கொள்வார்.

தூளிலிருந்து மீடியம் தயாரிப்பவர்கள் பாக்டீரியா வளர்க்கும் பழக்கத்தில் அதை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலம்) வைத்துவிடுவதும் உண்டு. அந்தச் சூட்டில் குளூட்டமைனும் பல வைட்டமின்களும் சிதைந்துவிடும். 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியே வழி.

குளூட்டமைனைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அது கரைசலில் தானாகவே சிதைந்து அம்மோனியாவை விடும். சூடு கூடக்கூட வேகமும் கூடும். செல்லுக்கு உணவு குறைகிறது, நஞ்சு சேர்கிறது, மீடியமோ பார்க்க அப்படியே இருக்கிறது. 50 மில்லி தேவைப்படும் ஒவ்வொரு நாளும் 500 மில்லி பாட்டிலை முழுதாக 37 டிகிரி வாட்டர் பாத்தில் இறக்குவது இந்தச் சிதைவை நாமே விரைவுபடுத்துவதாகும். பாட்டிலைத் திறந்த அன்றே 50 மில்லிக் குழாய்களில் பிரித்துவிடுங்கள்; அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சூடாக்குங்கள். அலனைல்-குளூட்டமைன் சேர்த்த மீடியம் இந்தச் சிதைவை நன்றாகத் தாங்கும். அதன் மேல் வழக்கப்படி குளூட்டமைனும் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். லேபிளைப் படித்தால் போதும்.

பிஎச் நிலையைக் காக்கச் சேர்க்கும் ஹெப்பஸ் கலந்த மீடியத்தை ஹூட் (வடிகட்டிய காற்றில் வேலை செய்யும் பெட்டி) விளக்கின் கீழ் மணிக்கணக்கில் விடாதீர்கள். அதிலுள்ள ரைபோஃபிளேவின் ஒளி பட்டதும் செல்களுக்கு நஞ்சான ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும்.

சீரத்தில் பெரிய தவறு, பழைய தொகுதி தீர்ந்த பிறகு புதியதைத் திறப்பது. கன்றுக்கரு சீரம் தொகுதிக்குத் தொகுதி மாறும். பழையது கையிருப்பில் இருக்கும்போதே இரண்டிலும் ஒரே செல்லை வளர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகவும் அச்சம் தருவது. மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவுக்குச் செல்சுவரே இல்லை. சுவர் கட்டுவதைத் தடுக்கும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. 0.22 வடிகட்டியையும் அது தாண்டிவிடக்கூடும். மீடியத்தைக் கலக்காது, நிறத்தைப் பெரிதாக மாற்றாது. செல்லின் வளர்ச்சியையும் மரபணுச் செயல்பாட்டையும் மட்டும் குலைத்துக்கொண்டிருக்கும். அதன் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனையை மாத வழக்கமாக்குங்கள். முடிந்தவரை ஆன்டிபயாடிக் இல்லாமலே வளர்த்துப் பாருங்கள். கைப்பழக்கத்தில் உள்ள குறை அப்போதுதான் வெளியே வரும்.

ஒரே பாட்டிலை இரண்டு செல்வரிசைகளுக்கு (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்த்துவரும் செல்கள்) பயன்படுத்துவது இன்னொரு தவறு. 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து, அவரிடம் கேட்காமலேயே எடுத்த புற்றுத் திசுவில் பிறந்தவை ஹீலா செல்கள். வெவ்வேறு திசுக்களிலிருந்து வந்ததாக நம்பப்பட்ட பல செல்வரிசைகள் உண்மையில் ஹீலாதான் என்று 1966-இல் மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர் எடுத்துக்காட்டினார். பிப்பெட் நுனியில் தங்கிய ஒரு துளி பாட்டிலுக்குள் போனாலே இது நேரலாம். ஒவ்வொரு செல்வரிசைக்கும் தனிப் பாட்டில் வையுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஹூட்டில் திறங்கள். ஹீலா இருந்தால் அன்றைய வேலையில் அதைக் கடைசியாக எடுங்கள்.