காடு பிடித்த வளவு, பழைய வீடு: நாங்கள் விட்ட பிழைகளை நீங்களும் விடாதீர்கள்

போன கிழமை எங்கள் ஒழுங்கைக்குள் ஜே.சி.பி. இயந்திரம் திரும்புகிற சத்தம் கேட்டது. அடுப்பைத் தணித்துவிட்டு ஓடினேன். மூன்று வளவு தள்ளி, கனகாலமாகப் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஒரு இளம் குடும்பம் வந்திருக்கிறது. கலியாணம் முடித்து ஒரு வருடம். அவர்களுக்கு இதுதான் முதல் வீடு. தம்பி படலையடியில் நின்று சாரதிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, இண்டைக்கே முழுக்கத் துப்புரவாக்கிப் போட்டால் பிறகு வேலை லேசு" என்றார்.

2016 ஆவணியில், கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கும் இதே வட்டக்கச்சியில், நானும் என் கணவரும் சொன்ன வார்த்தைகள் அவை. அதற்குப் பிறகு சொந்தக்காரர், அயலவர் என்று ஏழெட்டுப் பேரின் வீடு திருத்தும் வேலைகளில் கூட நின்றிருக்கிறோம். ஒவ்வொரு இடத்திலும் அதே பிழைகளைத்தான் பார்க்கிறேன். பாம்புக்குக் கவனம், மேசனுக்கு முழுக்காசையும் முதலே கொடுக்க வேண்டாம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, தெரியாமல் செய்து பெரிய விலை கொடுக்கும் விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே நாளில் வளவைத் துடைப்பது

எங்கள் வீடு மாமா 1979இல் கட்டியது. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, விறாந்தை, நடுவில் மண்டபம், இரண்டு அறை. 2008இல் போரில் இடம்பெயர்ந்தபோது விட்டுப் போனார்கள். 2010இல் மாமாவும் மாமியும் திரும்பி வந்து கொஞ்சக் காலம் இருந்தார்கள். மாமா காலமான பிறகு மாமி வவுனியாவில் மகளோடு போய்விட்டார். நாங்கள் வந்தபோது படலையில் நின்றால் கிணறு தெரியாது. நாயுண்ணிப் பற்றை ஆளுயரம், அதற்கும் மேலே இப்பில் இப்பில் மரங்கள், விறாந்தைத் தூணைச் சுற்றிக் கறையான் புற்று.

ஆள் பிடித்து வெட்டினால் மூன்று கிழமை ஆகும், இயந்திரம் என்றால் ஆறு மணித்தியாலம் என்றார்கள். ஆறு மணித்தியாலத்தில் முடித்தோம். பின்னேரம் பார்த்தால் வளவு பள்ளிக்கூட மைதானம் போலக் கிடந்தது. சந்தோஷத்தில் மாமிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "நல்லது பிள்ளை" என்றார். எங்கே என்ன இருந்தது என்று அப்போதாவது அவரிடம் கேட்டிருக்கலாம்.

முதலில் போனது மேல்மண். இயந்திரத்தின் பல்லு பற்றையை மட்டும் பிடுங்காது, ஆறங்குல மண்ணையும் சேர்த்து வழித்துக்கொண்டு போகும். பல வருடச் சருகு உக்கிக் கறுத்திருந்த அந்த மண், வேரோடும் பற்றையோடும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி எங்கோ ஒரு பள்ளத்துக்குப் போனது. எங்களுக்கு மிஞ்சியது சரளைக்கல் மண்ணான கிறவல். அடுத்த வருடம் வைத்த கத்தரியும் வெண்டியும் ஒரு சாணுக்கு மேல் வளரவில்லை. மாட்டெருவும் சருகும் போட்டுப் போட்டு அந்த நிலத்தைத் திரும்ப எழுப்ப இரண்டு மாரி எடுத்தது.

இரண்டாவது, எல்லைக் கல். இரண்டு கல் இயந்திரம் குவித்த மண்ணோடு போய்விட்டது. பக்கத்து வளவுக்காரர் நல்ல மனிதர், சண்டை வரவில்லை. ஆனாலும் நில அளவையாளரைக் கூப்பிட்டுத் திரும்ப நாட்ட வேண்டியிருந்தது.

மூன்றாவது, தண்ணீர் ஓடும் வழி. கிழக்கு வேலியோரம் மண்ணில் ஒரு தாழ்ச்சி இருந்திருக்கிறது. மாமா காலத்தில் மழைத் தண்ணீர் அதன் வழியே ஒழுங்கை மதகுக்குப் போகுமாம். அதையும் சேர்த்து மட்டமாக்கிவிட்டோம். அடுத்த மாரியில் தண்ணீருக்குப் போக வழி தெரியாமல் விறாந்தைப் படிக்கு வந்து நின்றது.

இவற்றை எல்லாம் ஒருமாதிரிச் சகித்துக்கொள்ளலாம். நாலாவதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

2017இல் வீட்டின் பின்பக்கம் புதிதாகக் குசினி கட்டினோம். 11 அடிக்கு 9 அடி, சீமெந்துக் கல். அத்திவாரம் வெட்டிய மேசன் அண்ணை, "மண் நல்ல லேசா வெட்டுப்படுது" என்று சந்தோஷமாகச் சொன்னார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். கிறவல் நிலத்தில் ஒரு இடம் மட்டும் லேசாக வெட்டுப்பட்டால், அந்த இடத்தை முன்னமே யாரோ வெட்டி மூடியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அது எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

2018 மார்கழி 21ஆம் திகதி இரவு பெய்த மழை இங்கே யாருக்கும் மறக்காது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. எங்கள் வளவிலும் முழங்கால் அளவு நின்றது. வெள்ளம் வற்றிய பிறகு குசினியைக் கழுவித் துடைத்துவிட்டு, உரித்த தேங்காய் ஒன்றை நிலத்தில் வைத்தேன். அது மெதுவாக உருண்டு வடக்கு மூலைக்குப் போய் நின்றது. எடுத்து வைத்தேன், திரும்பவும் உருண்டது. இரண்டு நாளில் சன்னலின் கீழ் மூலையிலிருந்து நிலம் வரை ஒரு வெடிப்பு. முதலில் நகம் போனது. தைப்பொங்கலுக்கு விரலே போனது.

பொங்கலுக்கு வந்த மாமி குசினி வாசலில் நின்று வெடிப்பைப் பார்த்தார், பின்னால் நின்ற வேம்பைப் பார்த்தார். "பிள்ளை, இது பங்கருக்கு மேலயெல்லோ கட்டியிருக்கிறியள்" என்றார்.

'ட' வடிவில் வெட்டிய பங்கர், பதுங்குகுழி. 2008இல் ஷெல்லடி தொடங்கினால் மாமா, மாமி, மச்சாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஒன்பது பேர் அதற்குள் இருந்திருக்கிறார்கள். மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண்மூட்டை. 2010இல் திரும்பி வந்த மாமாவுக்கு அதைக் கிண்டிப் பார்க்க மனமில்லை. குற்றிகளை எடுக்காமலே வாசலை அடைத்து, மேலே மண்ணைக் கொட்டிவிட்டார். ஆறு வருடத்தில் அந்த இடம் தாழ்ந்து, பார்த்தால் தெரியும் பள்ளமாக இருந்திருக்கும். கத்தியும் மண்வெட்டியுமாக நாங்களே துப்புரவாக்கியிருந்தால் காலிலே தட்டுப்பட்டிருக்கும். அந்த அடையாளத்தைத்தான் ஜே.சி.பி. ஒரு இழுவையில் அழித்தது.

நிலத்தை உடைத்தபோது பனங்குற்றிகளின் வெளிக்கோது மட்டும் கறுப்பாக, இறுக்கமாக இருந்தது. உள்ளே முழுக்கக் கறையான் தின்ற தூள். அதற்குக் கீழே ஆள் படுக்கக்கூடிய வெளி. மண்ணோடு ஒரு நசிந்த அலுமினியப் பேணி வந்தது. மாமி அதை வாங்கிக் கிணற்றடியில் கழுவி, தன் பையில் வைத்துக்கொண்டார். குசினியைப் பாதிக்கு மேல் இடித்துத் திரும்பக் கட்டினோம். அதற்கு எடுத்த நாலரை இலட்சக் கடன் 2021இல்தான் முடிந்தது.

ஆகவே இதைச் செய்யுங்கள். வளவைக் கையால் வெட்டுங்கள், பகுதி பகுதியாக. வெட்ட வெட்ட எங்கே பள்ளம், எங்கே புற்று, எங்கே பழைய மலகூடக் குழி, எங்கே கல் என்று ஒரு கொப்பியில் கீறி வையுங்கள். அந்தக் காணியில் இருந்த வயதானவர்கள் எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்துக் கேளுங்கள். தொலைபேசியில் படம் காட்டிக்கொண்டே நடந்தால், ரொறன்ரோவில் இருக்கும் அம்மம்மா கூட "அந்தப் பிலாவுக்குப் பின்னால" என்று சரியாகச் சொல்லுவார். ஆனால் அவருக்கும் தெரியாத பங்கர்கள் இருக்கலாம். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் இடம்பெயர்ந்து வந்து ஒரே வளவில் தங்கிய பல குடும்பங்கள் தனித்தனியாக வெட்டினார்கள்.

புதிதாக எதைக் கட்டுவதென்றாலும் ஒரு மாரி பொறுங்கள். முதல் பெருமழையில் மூடிய குழி தாழும், தண்ணீர் தன் பழைய வழியைக் காட்டும். கட்டப்போகும் இடத்தை இரண்டடிக்கு ஒரு தடவை அலவாங்கால் மெதுவாகத் தட்டி இறக்கிப் பாருங்கள். வெட்டுப்படாத நிலத்தில் அது ஒரு சாண் போவதற்கே கஷ்டப்படும்; மூடிய குழியில் வெண்ணெயில் போவதுபோல இறங்கும். இரும்பில் முட்டினால் நிறுத்திவிடுங்கள், அடுத்த பகுதியில் ஏன் என்று சொல்கிறேன். குழி என்று தெரிந்தால் குற்றி, தகரம், உரப்பை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஆறங்குலம் ஆறங்குலமாக மண் போட்டு, தண்ணீர் தெளித்து இடித்து நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பினாலும் அதன்மேல் சுவர் வேண்டாம். கட்டியே ஆகவேண்டுமென்றால், அத்திவாரம் குழியின் அடியையும் தாண்டி வெட்டுப்படாத நிலத்தில் போய் நிற்க வேண்டும்.

வெட்டிய பற்றையைக் குவித்துக் கொளுத்துவது

குப்பை கொளுத்தும்போது வெடித்துக் காயப்பட்டவர்களைப் பற்றி வன்னியில் கேள்விப்படாதவர்கள் இல்லை. இலங்கை 2017 கடைசியில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றும் வேலை அதற்குப் பிறகும் வருடக்கணக்காக நடக்கிறது. வெடிபொருள் அகற்றிக் கையளித்த காணியிலும் மண்ணுக்கு அடியில் ஒன்று தப்பிக் கிடக்கலாம். நெருப்பின் சூடு அதற்குப் போதும். இலையையும் சின்னக் கொப்பையும் மரங்களின் அடியில் பரப்புங்கள், மாரியில் உக்கிவிடும். தடித்ததை விறகுக்கு அடுக்குங்கள்.

மண்ணில் தெரியாத இரும்பு எதையாவது கண்டால் தொடாதீர்கள், பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைக்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு தடியை நாட்டி, பிள்ளைகளை விலக்கிவிட்டு, கிராம அலுவலருக்கோ 119க்கோ சொல்லுங்கள்.

பழைய முதிரைக் கதவை விற்பது

விற்காதீர்கள். அந்த மரம் இனிக் கிடைக்காது.

மேற்குப் பக்க மரங்களைத் தறிப்பது

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆடி மாதப் பின்னேரம் ஒன்றை அந்த வீட்டுக்குள் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பனையும் பலாவும் என்றால் உங்கள் காணியில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது.

பெயர் மாறாத காணியில் காசைப் போடுவது

இங்கே குடியேற்றத் திட்டக் காணிகளில் நிறைய, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. அப்பா வாழ்ந்த வீடு என்பதால் மட்டும் அது உங்கள் பெயருக்கு வந்துவிடாது. பின்னுரித்தாளராக, அதாவது அனுமதிப்பத்திரக்காரருக்குப் பிறகு காணி சேரும் ஆளாக, யாருடைய பெயர் பதிந்திருக்கிறது என்று முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் பாருங்கள். ஓடு வாங்கும் நாளுக்கு முந்திய வேலை இது. எங்கள் சொந்தத்தில் ஒருவர் கூரை முழுக்க மாற்றிய பிறகுதான் பெயர் தமையனுடையது என்று அறிந்தார். அவர்கள் இருவரும் இன்னும் கதைப்பதில்லை.

ஈரச் சுவரைச் சீமெந்தால் மூடுவது

எழுபதுகளில் கட்டிய வீடுகளின் உட்சுவர் பலவற்றுக்குச் சுண்ணாம்புப் பூச்சுத்தான். கீழ்ப்பகுதி ஊறி, உவர் பூத்து, உதிர்ந்திருக்கும். மேசன்மார் எல்லாரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: கொத்திவிட்டுச் சீமெந்து பூசுவம். சுவருக்குள் இருக்கும் ஈரம் சீமெந்துக்கு ஊடாக லேசில் வெளியே வராது. அது மேலே ஏறும், அல்லது பூச்சைத் தள்ளிக்கொண்டு பப்படம் போல எழும்பும். எங்கள் மண்டபத்தில் மூன்றடி உயரத்தில் நின்ற ஈரம், சீமெந்து பூசிய அடுத்த வருடம் ஐந்தடிக்கு ஏறியது.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். வெளி நிலம் வீட்டு நிலத்தை விட உயர்ந்திருக்கும், அல்லது பீலி இல்லாமல் கூரைத் தண்ணீர் சுவரடியிலேயே விழும். மண்ணை வெட்டி இறக்குங்கள், பீலி போடுங்கள். பங்குனியிலிருந்து ஆவணி வரை வெயிலில் சுவரைக் காயவிடுங்கள். பிறகு சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசுங்கள். பெயின்ற் கடைசி.

கிணற்றுக்குள் பம்பை இறக்கி இறைப்பது

எஞ்சின் எப்போதும் மேலே, கிணற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். குழாய் மட்டும் உள்ளே போகலாம். எஞ்சின் புகையில் வரும் நஞ்சுக்கு மணமில்லை. இறங்கியவர் மயங்க, காப்பாற்ற இறங்கியவரும் மயங்கி, ஒரே குடும்பத்தில் இரண்டு உயிர் போகும்.

வேலியை முழுக்கப் பிடுங்குவது

பழைய கிளுவையும் பூவரசும் பார்க்கக் கோணல் மாணலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேர்கள்தான் வெள்ளத்தில் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. செத்ததை மட்டும் எடுத்துவிட்டு, இடைவெளிகளில் மாரிக்கு முன் புதுக் கதியால் (நட்டால் துளிர்க்கும் தடி) போடுங்கள். முள்ளுக்கம்பி அடிப்பதென்றால் உயிர்க் கதியாலோடு சேர்த்து அடியுங்கள். கட்டைகள் கறையானுக்குப் போனாலும் கதியால் நிற்கும்.

அந்தத் தம்பி அன்றைக்கு ஜே.சி.பி.யைத் திருப்பி அனுப்பிவிட்டார். வந்த கூலியைக் கொடுக்க வேண்டி வந்ததில் தங்கச்சிக்குக் கொஞ்சம் மனவருத்தம். இப்போது பின்னேரங்களில் இருவரும் சப்பாத்தும் கத்தியுமாக இறங்குகிறார்கள். நேற்று வரை எல்லைக் கல் மூன்று வெளிப்பட்டிருக்கிறது. நாலாவது வடகிழக்கு மூலையில், அந்தப் பெரிய புற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.