கொடி ரோஜாவைப் படுக்க வையுங்கள்

பெயர்தான் கொடி ரோஜா. முல்லையைப் போல எதையும் சுற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது. பாகலைப் போல பற்றுக்கம்பியும் கிடையாது. அதனிடம் இருப்பதெல்லாம் கீழ்நோக்கி வளைந்த முள். அதைப் பக்கத்துப் புதரில் மாட்டிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து ஏறும், அவ்வளவுதான். பாரி தேரை நிறுத்தியது முல்லைக்கு என்பதால் பிழைத்தான். ரோஜாவாக இருந்திருந்தால், சணல் கயிறும் கையுமாக அடிக்கடி திரும்பி வந்து கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இது தெரியாமல் என் முதல் செடியை இரண்டு வருஷம் அதன் போக்கில் விட்டேன். நெடுநெடுவென்று மேலே போனது. பூவெல்லாம் உச்சியில், கீழே நின்று பார்த்தால் குச்சியும் முள்ளும்தான். பூவைப் பார்க்க மாடிக்கு ஏறினேன்!

கோளாறு செடியில் இல்லை. தண்டின் நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோன் உருவாகிக் கீழே இறங்கும். கணுக்களில் இருக்கும் பக்க மொட்டுகளை அது எழவிடாது. தண்டைச் சாய்த்துக் கட்டினால் நுனியின் அதிகாரம் தளரும். தூங்கிக் கிடந்த கணுக்கள் வரிசையாக விழித்துப் பக்கக் கிளை விடும், ஒவ்வொரு கிளையின் முனையிலும் பூ வரும். கீழே சொல்லும் வேலை எல்லாமே இதற்காகத்தான்.

1. முதலில் கொழுகொம்பு

செடி வாங்குமுன் தாங்கலை அமைத்துவிடுங்கள். சுவர் என்றால், துருப்பிடிக்காத கம்பியைப் படுக்கைவாட்டில் இழுத்துக் கட்ட வேண்டும். முதல் வரிசை தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில், அதற்கு மேல் 30 முதல் 45 செ.மீ.க்கு ஒரு வரிசை. வளையத் தலை உள்ள திருகாணிகளைப் போட்டு, கம்பி சுவரை விட்டு 5 முதல் 8 செ.மீ. தள்ளி நிற்கும்படி செய்யுங்கள். பின்னால் காற்றோட்டம் இல்லாவிட்டால் சாம்பல் நோயும் கரும்புள்ளியும் சுலபமாக வந்துவிடும். இப்போது செடி சின்னதுதானே என்று மெல்லிய தட்டியை வைக்காதீர்கள். நன்றாக வளர்ந்த செடி மழையில் நனைந்து காற்றில் ஆடும்போது அதன் கனம் தெரியும்.

2. நடுவது

சுவரை ஒட்டி நடக் கூடாது. சுவரடி மண்ணில் ஈரம் தங்காது. 30 முதல் 45 செ.மீ. தள்ளிக் குழி எடுத்து, செடியைச் சுவர்ப் பக்கம் லேசாகச் சாய்த்து நடுங்கள். மற்றதெல்லாம் சாதாரண ரோஜாவுக்குச் செய்வதுதான்.

3. கத்திரியைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள்

முதல் இரண்டு வருஷம் கவாத்து வேண்டாம். காய்ந்தது, ஒடிந்தது, நோய் பிடித்தது தவிர எதையும் வெட்டாதீர்கள். நீளமான தண்டுகள் கிடைத்தால்தானே வளைக்க முடியும்.

4. வளைப்பது

பயமும் இங்கேதான், பலனும் இங்கேதான். தண்டு பச்சையாக இருக்கும்போதே வளைக்க வேண்டும். பழுப்பேறி முற்றிவிட்டால் அது வளையாது, ஒடியும். முழங்கை வரை மறைக்கும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையால் தண்டின் அடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நுனிப் பக்கம் நகர்த்தியபடி அழுத்துங்கள். ஒரே இடத்தில் மடக்கக் கூடாது, முழு நீளமும் வில்லாக வளைய வேண்டும். ‘நெறுக்’ என்று சின்னச் சத்தம் கேட்டாலே நிறுத்திவிடுங்கள். அன்றைக்கு வந்தவரை போதும், கட்டிவிட்டு இரண்டு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் இறக்கலாம். ஒரே நாளில் முடித்துவிடும் அவசரத்தில் ஆளுயரத் தண்டு ஒன்றை நான் ஒடித்திருக்கிறேன்.

தண்டுகளை இருபக்கமும் விசிறி போல விரித்துவிடுங்கள். முழுக்கப் படுக்காவிட்டாலும் பாதகமில்லை, பாதிச் சாய்வுக்கே பலன் தெரியும்.

சுவருக்குப் பதில் தூண் என்றால், தண்டைத் தூணைச் சுற்றிப் படிக்கட்டு போல மெதுவாக ஏற்றுங்கள். நேராக ஏற்றினால் பழைய கதைதான். வளைவு வாசலுக்கும் அதே முறை.

5. கட்டுவது

சணல் கயிறோ பழைய பருத்தித் துணிக் கிழிசலோ போதும். கயிற்றை 8 போலப் போடுங்கள்: ஒரு வளையத்தில் தண்டு, மறு வளையத்தில் கம்பி, முடிச்சு கம்பிப் பக்கம். தண்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே விரல் நுழைய வேண்டும், ஏனென்றால் தண்டு பருக்கும். மெல்லிய இரும்புக் கம்பியால் கட்டினால் அது பட்டையை அறுத்துவிடும்.

இன்னொன்று: தண்டைக் கம்பிக்குப் பின்னால் நுழைத்துப் பின்னாதீர்கள். கயிறு மிச்சம்தான், ஆனால் பிறகு அந்தத் தண்டை எடுக்கக் கம்பியையே கழற்ற வேண்டி வரும்.

6. வருஷா வருஷம்

செடி ஓய்ந்திருக்கும் காலத்தில், பூத்து முடிந்த பக்கக் கிளைகளை அடியில் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். வருஷத்துக்கு ஒரே முறை பூக்கும் ரகமானால், பூத்து முடிந்ததும் வெட்டிவிட வேண்டும். முந்தைய வருஷக் கிளையில்தான் அது பூக்கும். தாமதித்து வெட்டினால் அடுத்த வருஷப் பூவும் சேர்ந்து போகும்.

ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து கிளம்பும் கிளை உங்கள் ரோஜா இல்லை, அதற்கு வேராக ஒட்டிய வேறு செடியுடையது. வெட்டினால் மறுபடி வரும். மண்ணை விலக்கி, அது புறப்படும் இடத்தில் பிடித்துப் பிய்த்துவிடுங்கள்.

மூன்று நான்கு வருஷமானதும், அடியிலிருந்து புதுத்தண்டு வந்திருந்தால், இருப்பதிலேயே கிழடான ஒன்றை அடியோடு எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதைக் கட்டுங்கள். பழையதை ஒரே இழுப்பில் உருவப் பார்க்காதீர்கள், பக்கத்துக் கிளைகளை முள் கிழித்துவிடும். முழம் முழமாக நறுக்கி, துண்டு துண்டாக வெளியே எடுங்கள்.