எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு வீட்டில் எப்படி உதவலாம்?

இரண்டாம் வகுப்பு முடியும் நேரத்திலும் பிள்ளை வாசிக்கத் திணறினால், தப்பான சொல்லை ஐம்பது தடவை எழுத வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கை வலிதான் மிச்சம். எந்த எழுத்தில் தடுக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குங்கள். தினமும் கால் மணி நேரம் போதும்.

1. முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

2. பாடப்புத்தகத்தில் நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள். நிற்கிற எழுத்துகளை மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. இனி கொஞ்ச நாள் வாயால் சொல்லிப் பழகுவதுதான், பேப்பர் வேண்டாம். 'தக்-கா-ளி' என்று கைதட்டிப் பிரிக்கட்டும். "தக் எடுத்துட்டா என்ன கண்ணு?" என்று கேளுங்கள். "காளி!" என்று சிரிக்கும். ஒலியைப் பிரிக்கத் தெரிந்தால்தான் எழுத்தைச் சேர்க்க வரும்.

4. நிறையப் பிள்ளைகள் தடுக்கி நிற்பது கொம்பில்தான். 'கெ'யில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. நாக்கு முதலில் சொல்ல வேண்டியது 'க்'. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, கையால் நகர்த்தித்தான் பழக வேண்டும்.

பழைய காலண்டர் அட்டையை வெட்டி க, துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எனத் தனித்தனியாக எழுதுங்கள். 'க' வையுங்கள். வலப்பக்கம் கால் வைத்தால் 'கா'. அதை எடுத்துவிட்டு இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு வைத்தால் 'கெ'. இப்போது காலையும் சேர்த்தால் 'கொ'. கொம்பை இரட்டையாக மாற்றினால் 'கோ'. ஒவ்வொரு முறையும் பிள்ளையே வைத்து, பிள்ளையே சொல்ல வேண்டும். 'க' பிடிபட்ட பிறகு ப, ம, த. 216 உயிர்மெய்யையும் ஒரே மூச்சில் திணிக்காதீர்கள்.

5. அப்புறம் தாம்பாளத்தில் மணல் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். பென்சில் பிறகு.

6. ல, ள, ழ குழப்பத்துக்கு நம் பஸ் ஸ்டாண்டுதான் நல்ல வகுப்பறை. பல்லடம், பொள்ளாச்சி, பழனி என்று மூன்றும் போர்டில் இருக்கும். நாமே மூன்றையும் ஒன்றுபோல உச்சரித்தால், பிள்ளை எழுதும்போது குழம்பத்தான் செய்யும். நிதானமாகச் சொல்லிக் காட்டுங்கள்.

7. பிள்ளை பேசுவதை அப்படியே எழுதிக் கொடுங்கள். "அப்பிச்சி ஊட்டுல ஆடு குட்டி போட்டிருக்குது" என்று சொன்னால் அதே சொற்களில்தான். புத்தகத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். தான் சொன்ன வாக்கியம் என்பதால் தைரியமாக வாசிக்கும்.

சில மாதங்கள் விடாமல் செய்தும் மாற்றம் இல்லையா? வகுப்பாசிரியரிடம் பேசுங்கள், பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் விடாமல் தொடரும் சிரமத்தை 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பார்கள். இதை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. முறையான சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். போகும்போது பிள்ளையின் பள்ளி நோட்டுகளையும், நீங்கள் குறித்து வைத்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.