எலிக் கூண்டில் தங்கிவிடும் கிருமிநாசினி: விலங்குக் கூடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1998-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மரபியலாளர் பெட்ரீஷியா ஹன்ட்டின் ஆய்வகத்தில் திடீரென்று ஒரு குழப்பம். எந்த மருந்தும் கொடுக்காமல், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்திருந்த பெண் எலிகளின் முட்டையணுக்களில் குரோமோசோம்கள் தாறுமாறாக நின்றன. வழக்கமாக 1, 2 சதவீதம் இருக்கும் கோளாறு 40 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. காரணம் கூண்டு கழுவும் இடத்தில் கிடைத்தது. காரம் மிகுந்த சோப்புக் கரைசலால் கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் தவறுதலாகக் கழுவிவிட்டார்கள். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அரிபட்டு, அதைச் செய்யப் பயன்படும் பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம் கசிந்து எலிகளின் உடலுக்குள் போயிருந்தது.

கூண்டு கழுவுவதைக் கடைநிலை வேலையாக நினைப்பதுதான் முதல் தவறு என்று நான் உறுதியாகச் சொல்வேன். எந்தக் கரைசல், எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்பதைக் கழுவுபவரிடம் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அவரும் நல்ல எண்ணத்தில் ஒரு மூடி கூடுதலாக ஊற்றுவார். கிருமி கூடுதலாகச் சாகாது. அலசினாலும் போகாத படலம்தான் மிஞ்சும்.

அடுத்தது, அழுக்கின் மேலேயே கிருமிநாசினியை ஊற்றுவது. சாணமும் சிறுநீரும் ஒட்டியிருந்தால் பிளீச்சிங் கரைசலின் வீரியம் அவற்றிலேயே தீர்ந்துவிடும். முதலில் சோப்பு போட்டுத் தேய்த்து அலச வேண்டும். அப்புறம்தான் கிருமிநாசினி, அதுவும் லேபிளில் சொன்ன நேரம்வரை ஈரமாக நிற்க வேண்டும். பிறகு மறுபடி நல்ல தண்ணீரில் அலசல். அவசரத்தில் விடுபடுவது இந்தக் கடைசி அலசல்தான். புட்டியின் உறிஞ்சுகுழாயைத் தனியாகக் கழற்றி உள்ளே தண்ணீர் பாய்ச்சாவிட்டால், எலி குடிக்கும் முதல் சொட்டிலேயே ரசாயனம் இருக்கும். சோப்பு சரியாகப் போகாத பாலிகார்பனேட் கூண்டை, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் பிளாஸ்டிக் இன்னும் வேகமாகக் கெடும். மங்கி வெடிப்பு விட்ட கூண்டைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

தரை துடைக்கும் குவாட்டர்னரி அம்மோனியம் வகைக் கிருமிநாசினிகளுக்கு வாடை குறைவு என்பதால் பலரும் அலசாமலே விடுகிறார்கள். 2017-ல் அமெரிக்க ஆய்வாளர் டெரி ஹ்ரூபெக்கின் குழு வெளியிட்ட ஆய்வில், அறையில் இவற்றைப் பயன்படுத்தியதாலேயே எலிக் கருக்களில் நரம்புக் குழாய்க் குறைபாடு (மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் சரியாக மூடாத பிறவிக் குறை) கூடியது தெரிந்தது. நிறுத்திய பின்னும் அது இரண்டு தலைமுறை நீடித்தது. இனப்பெருக்க ஆய்வு நடக்கும் அறையில் நான் இவற்றை அனுமதிக்க மாட்டேன். ஹைட்ரஜன் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுவதால் அங்கே அது மேல்.

முயல் கூண்டில் சிறுநீரின் சுண்ணாம்புப் படிவைக் கரைக்க அமிலம் போடுவோம். அது முழுக்கப் போகும் முன் பிளீச்சை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். விலங்குக்கு மட்டுமல்ல, கழுவுபவரின் நுரையீரலுக்கும் ஆபத்து. அம்மோனியா வாடை வீசும் தட்டிலும் பிளீச் கூடாது.

சரி, மிச்சம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கார சோப்பு என்றால் சுலபம்: கூண்டில் தேங்கிய கடைசி அலசல் நீரில் காரம் இருந்தால் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலை இரண்டு சொட்டு விடுங்கள். இளஞ்சிவப்பாக மாறினால் மறுபடி அலச வேண்டும். மற்ற வகைகளுக்கு, அந்தந்தக் கிருமிநாசினிக்கு உரிய சோதனைப் பட்டை வேண்டும். தேதி, கரைசலின் பெயர், கலந்த அளவு மூன்றையும் கழுவும் அறைப் பதிவேட்டில் அன்றன்றே எழுதச் சொல்லுங்கள். முடிவுகள் திடீரென்று மாறினால் முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான்.